கேட்டடிக்கு அலாரமா, நாயா?



கொஞ்ச நாளாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஓடுவது கள்ளன் கதைதான். தண்ணி மோட்டரைக் கழட்டிட்டுப் போயிட்டான், சைக்கிளைக் காணல்ல, கொடியில காய்ஞ்ச உடுப்பைக்கூட விடல்ல. அதனால இப்ப எல்லோரும் கேட்டடி அலாரம் வாங்குகிறார்கள். கேட் ஓரத்தில் ஒரு சின்ன சென்சர், வீட்டுக்குள்ளே ஒரு பெல், அவ்வளவுதான். நல்ல விடயம், நானும் குறை சொல்லல்ல. ஆனால் போன கிழமை, வயலோரம் வீடு கட்டியிருக்கும் ஒரு சகோதரர் "எங்கட பக்கத்துக்கு நாய்தான் சரிவரும்" என்று ஒரு வரி எழுதினார். அதுக்கு வந்த பதில்களைப் பார்த்து வெட்கமாகப் போய்விட்டது. முஸ்லிம் வீட்டுல நாயா, உங்கட வீட்டுல இனி யார் தண்ணி குடிப்பா என்றெல்லாம். மனிசன் குழுவை விட்டே போயிட்டார்.

ஊருக்குள்ளே மதிலோடு மதில் ஒட்டிக் கிடக்கும் ஒழுங்கைகளுக்கு அலாரம் போதும். வயலோரம், குளத்துப் பக்கம் தனித்து நிற்கிற வீடுகளுக்கு நாய்தான் பொருத்தம். அதை வைத்திருப்பவரை நாங்கள் ஒதுக்குவதில் நியாயமில்லை. நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் அலாரம். கடைகளில் விற்பதில் அதிகமானவை உடம்புச் சூட்டைப் பிடிக்கிற சென்சர்கள். மனிதனோ மிருகமோ உடம்பிலிருந்து வெளிவிடும் செங்கீழ்க் கதிர் அதன் முன்னால் அசைந்தால் உள்ளே பெல் அடிக்கும். வந்தது யார், என்ன என்று அதற்குத் தெரியாது. குறுக்கால கடந்து போறவரை உடனே பிடிக்கும், நேராக அதை நோக்கி நடந்து வாறவரைப் பிந்தித்தான் பிடிக்கும். ஆகவே பாதைக்குக் குறுக்காகப் பார்க்கிற மாதிரிப் பூட்ட வேண்டும். நிலத்தோடு பூட்டினால் ஊர்ப் பூனையெல்லாம் பெல் அடிக்கும், இடுப்பளவு உயரம் நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் சூடு உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வரும்போது அது மந்தமாகிவிடும். முன்னால் ஆடுகிற வாழை இலை, கண்ணாடியில் ஊருகிற பல்லி, எறும்பு எல்லாம் பொய் மணிக்குக் காரணம். ஒழுங்கையைப் பார்த்துப் பூட்டிவிட்டால் தஹஜ்ஜுதுக்குப் பள்ளிக்குப் போகிற ஹாஜியாரும் கள்ளன்தான்!

பொய் மணி சின்ன விடயமில்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை முதலாம் பாடவேளையிலேயே தூங்கி விழுந்தான். கேட்டால், "ரா முழுக்க பெல் அடிச்ச டீச்சர், பூனை" என்கிறான். மூன்று நாள் இப்படி அடித்தால் நாலாம் நாள் உம்மா பிளக்கைக் கழட்டி வைத்துவிடுவார். கள்ளனுக்கு அந்த நாலாம் நாள் போதும். பிளக்கில் மட்டும் ஓடுகிற பெல்லை வாங்கவும் வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பெட்டரியிலும் ஓடுகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இனி வயலோரம். அங்கே கள்ளனை விடப் பெரிய பயம் யானை. எங்கட அம்பாறை மாவட்டத்தில் இது ஆருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணவன் கட்டாரில், வீட்டில் ஒரு பொம்பிளையும் இரண்டு பிள்ளைகளும். இரவு இரண்டு மணிக்கு பெல் அடிக்கிறது. கள்ளன் என்று நினைத்து டோச்சோடு கதவைத் திறந்தால் முன்னால் நிற்பது யானையாக இருக்கலாம். பெல் இரண்டுக்கும் ஒரே சத்தம்தான் போடும். நாய் அப்படியில்லை. மனிதனுக்குக் கேட்கும் எல்லை 20,000 ஹேர்ட்ஸ் என்றால் நாய்க்கு 45,000 வரை கேட்கும், மோப்பம் அதற்கு மேலே. வாடியில் காவல் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்குக் குரைக்கிறதும் யானைக்குக் குரைக்கிறதும் வேறவேற என்பார்கள். ஒன்று மட்டும் கவனம். இரவில் நாயை வளவுக்கு வெளியே விடக்கூடாது. யானையைச் சீண்டிவிட்டு அது வீட்டுக்குத்தான் திரும்பி ஓடி வரும், யானையும் பின்னால் வரும்.

மார்க்கம்? நான் மௌலவி இல்லை, ஆசிரியை. ஆனால் புஹாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ்களைப் பாதியாகச் சொல்லக் கூடாது. தேவையில்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மை நாளாந்தம் குறையும் என்ற அதே ஹதீஸ்களில் வேட்டை, கால்நடை, விவசாயத்துக்கான நாய்க்கு விதிவிலக்கும் இருக்கிறது. வீட்டுக் காவலுக்கு வைக்கலாமா என்பதில் இரண்டு கருத்து உண்டு என்று சொல்லும் இமாம் நவவி, தேவை என்ற காரணத்தை வைத்து ஆகும் என்பதே சரியானது என்கிறார். ஷாபி மத்ஹபுடைய பெரிய இமாம் அவர். எச்சில் நஜீஸ், வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண்ணோடு கழுவ வேண்டும் என்பதில் மாற்றமில்லை. மலக்குமார் பற்றிய ஹதீஸும் இருக்கிறது. அதனால் அதன் இடம் கேட்டடியும் வளவும்தான், வீட்டுக்குள்ளே அல்ல. குகைவாசிகளின் நாயும் வாசலில்தான் கால் நீட்டிக் கிடந்தது என்று சூரத்துல் கஹ்பில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓதுகிறோமே.

வைப்பவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. பகலும் இரவும் சங்கிலியில் கட்டி, மீன் தலையை மட்டும் வீசினால் அது காவல் நாயில்லை, ஒரு பாவம். எல்லாவற்றுக்கும் குரைத்துக் குரைத்து அதுவும் பொய் மணியாகிவிடும். விசர்நாய்க்கடியால் நம் நாட்டில் இன்றும் உயிர் போகிறது, வந்த பிறகு மருந்தில்லை. வருடா வருடம் தடுப்பூசி போடுங்கள், அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. எங்கே, எப்போது என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம். நாயைப் பிரதேச சபையில் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901இலிருந்து இருக்கிறது, எத்தனை பேர் பதிந்தோம்? குட்டி போட்டால் சாக்கில் கட்டிக் கடற்கரையில் விடுகிறவர்கள் நாய் வைக்கவே வேண்டாம், அலாரம் வாங்குங்கள்.

வயலோரத்து வீடுகளுக்குப் போகிறவர்கள் கேட்டடியில் நின்று சலாம் சொல்லிக் கூப்பிடுங்கள். வீட்டுக்காரர் வந்து நாயைப் பிடித்த பிறகு உள்ளே போங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள், நாய் அந்தக் கோப்பையில் வாய் வைக்கல்ல.