குத்துச்சண்டைக்கு யார் எஜமானர்?

நமது அம்பாசமுத்திரத்தில் ஒரு கூலிக்காரர் மகன் குத்துச்சண்டை பழகுவானேயானால், அவன் எதிராளியோடு மாத்திரமல்லாமல், தன் பேரால் சங்கம் நடத்தும் கனவான்களோடும் மோதியாக வேண்டும்.

1946-ல் ஏற்பட்ட சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம், இந்தியச் சங்கத் தேர்தலில் சூழ்ச்சி இருக்கலாமென்று 2012-ல் அதைத் தள்ளி வைத்தது. 2014-ல் அடியோடு நீக்கிற்று. பின்னர் முளைத்த சங்கமும் 2015-ல் கவிழ்ந்து, 2016-ல்தான் வேறொன்று ஏற்பட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு 8 பேரை அனுப்பிய நாடு, 2016 ரியோவுக்கு 3 பேரையே அனுப்பிற்று. குற்றம் யாருடையது? தண்டனை யாருக்கு?

நிற்க, நமக்கு யோக்கியதை போதித்த பெரிய சங்கத்தின் யோக்கியதைதான் என்ன? தீர்ப்பாளர்களை நியமிப்பதிலேயே ஊழல் புகுந்து, ரியோவில் முடிவுகள் புரட்டப்பட்டன என்று 2021-ல் மெக்லாரன் விசாரணை கூறிற்று. 2023-ல் ஒலிம்பிக் கமிட்டியார் அதன் அங்கீகாரத்தையே ரத்து செய்தனர். 2024-ல் இந்தியச் சங்கம் 'வேர்ல்டு பாக்சிங்' என்னும் புதுச் சங்கத்தில் சேர்ந்தது.

சங்கம் புதிதானால் புத்தியும் புதிதாகிவிடுமா? 'சர்வதேசம்' என்ற பெயரைக் கண்டதும் கும்பிடுவதும் ஒரு மூடநம்பிக்கையே. வரவு செலவு பகிரங்கமாக வேண்டும். தலைவருக்குக் காலவரை வேண்டும். தீர்ப்பாளர் நியமனம் தலைவர் கைக்கு எட்டாதிருக்க வேண்டும். குத்து வாங்குகிறவனுக்கு ஓட்டு வேண்டும். இவற்றுக்குச் சம்மதியாதவர் எத்தனை பெரிய கனவானாயினும், அவரைப் பதவியில் வைத்திருப்பது நமக்கே மானக்கேடு என்போம்.