சமையலறையும் வளர்ப்புப் பட்சிகளும்

குடியானவர் வீடுகளில் கோழியும் புறாவும் பன்னெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வருகின்றன. இப்பொழுது சிறுவர்களின் விருப்பத்தை முன்னிட்டு, 'லவ் பேர்ட்ஸ்' என வழங்கும் சிறு கிளியினங்களும் பல வீடுகளில் இடம் பெற்றுள்ளன. பூனையும் பாம்புமே இவற்றிற்குச் சத்துருக்கள் என்றெண்ணி, காவலுள்ள இடமென்று கூண்டையும் பஞ்சாரத்தையும் சமையலறையில் வைப்பது அநேகருடைய வழக்கம். இவ்வழக்கம் அடியோடு கைவிடத் தக்கது. வீட்டினுள் பட்சிகளுக்கு அபாயம் மிகுந்த இடம் சமையலறையே.

இதற்குக் காரணம் பட்சிகளின் சுவாச அமைப்பு. மனிதனும் கால்நடைகளும் இழுக்கும் காற்று நுரையீரலுக்குள் சென்று வந்த வழியே திரும்புகிறது. பட்சிகளுக்கோ நுரையீரலுடன் காற்றுப் பைகள் இணைந்துள்ளன. அவற்றின் உதவியால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரலின் வழியே ஒரே திசையில் ஓடுகிறது. நல்ல காற்றை இவ்வளவு விரைவில் ஏற்கும் உறுப்பு, நச்சுக் காற்றையும் அவ்வாறே ஏற்கும். இதனை அறிந்தே, பிரிட்டனில் ஹால்டேன் என்னும் விஞ்ஞானி 1890-களில், நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கானரிக் குருவிகளைக் கொண்டு செல்லுமாறு யோசனை கூறினார். கார்பன் மோனாக்சைடு வாயுவினால் மனிதன் மயங்கி விழுமுன் குருவி சாய்ந்துவிடும். தொழிலாளர் அதைக் கண்டு வெளியேறுவர். பிரிட்டிஷ் சுரங்கங்களில் இவ்வேற்பாடு 1986 வரை நீடித்தது. விறகும் கரியும் அரைகுறையாய் எரியும் அடுப்பிலிருந்து எழுவதும் அதே வாயுதான்.

"முன்னோர் அடுப்பங்கரையிலேயே கோழியை அடை வைத்தார்களே, ஒன்றும் நேரவில்லையே" என்று சிலர் வினவக்கூடும். அக்காலத்துக் கூரை ஓடும் கீற்றுமாய் இருந்தமையால் புகை இடுக்குகளின் வழியே வெளியேறிற்று. பாத்திரங்களும் மண்ணும் இரும்புமாகவே இருந்தன. இக்காலத்து வீடுகள் காங்கிரீட்டினால் ஆனவை. ஜன்னல்களும் பெரும்பாலும் சாத்தப்பட்டுள்ளன. பாத்திரமோ, 1938-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கைப் பொருள் பூசப்பெற்ற ஒட்டாத தோசைக்கல். அளவான சூட்டில் அதனால் தீங்கில்லை. வெறுங்கல்லை அடுப்பில் வைத்து மறந்துவிட்டால், சில நிமிஷங்களிலேயே சூடு 280 டிகிரி சென்டிகிரேடைக் கடந்து, பூச்சு சிதைந்து நச்சு ஆவி பிறக்கிறது. இவ்வாவி அடுத்த அறையிலுள்ள பட்சியையும் கொல்ல வல்லது. மனிதருக்கோ சளிஜுரம் போன்றதொரு காய்ச்சலோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே பழி அடுப்பின்மேல் விழுவதில்லை. திருஷ்டி என்றோ வெள்ளைக் கழிச்சல் என்றோ பேசி, அதே இடத்தில் அடுத்த கூண்டைத் தொங்கவிடுகின்றனர்.

தீனியிலும் கவனம் தேவை. வீட்டில் மிஞ்சியதெல்லாம் பட்சிக்கு ஆகும் என்பது தவறான எண்ணம். ஊறுகாய், கருவாடு முதலியவற்றிலுள்ள மிகுந்த உப்பு கோழிக்கு விஷமாகும். வெங்காயம், காப்பி, சாக்லேட் ஆகியவற்றைக் கூண்டுப் பட்சிகளுக்கு ஒருபோதும் கொடுத்தலாகாது. பழனிமலைப் பகுதியில் விளையும் வெண்ணெய்ப்பழத்தின் சதை, கொட்டை, இலை ஆகிய யாவும் அவற்றைக் கொல்லும் தன்மையன. பூசணம் பூத்த நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் "கோழிக்காவது ஆகட்டும்" என்று இறைப்பதும் பெருந்தவறு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றிற்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூசணத்தால் உண்டான அப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சே காரணமென்று பின்னர்த் தெளிவாயிற்று.

செய்ய வேண்டியவை எளியன. கூண்டு, காற்றோட்டமுள்ள திண்ணையிலோ தாழ்வாரத்திலோ இருத்தல் வேண்டும். இரவில் பூனைக்கு அஞ்சினால் நெருக்கமான கம்பிவலை அடித்தல் போதும். அதன் செலவு சில கோழிகளின் விலையே. ஒட்டாத கல்லை வெறுமையாகச் சூடேற்றுதல் கூடாது. கூண்டைத் திறந்து விடுமுன், கொதிக்கும் பாத்திரங்களை மூடி, மின்விசிறியை நிறுத்த வேண்டும். சமையலறையில் பட்சி இல்லாதிருப்பது மனிதருக்கும் நலம். அவற்றின் எச்சம் உணவில் கலந்தால் வயிற்றுக் கோளாறுகள் உண்டாகும். பட்சிகள் திடீரென இறந்தால், காரணம் புகையா தொற்றுநோயா என்பதை ஊகத்தால் முடிவு செய்யாது, இறந்த பட்சியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் அவசியம். நாட்டுக் கிளிகளைப் பிடித்து வளர்ப்பது 1972-ம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் கிராம அதிகாரிகள் ஜனங்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

இது பட்சிகளோடு மட்டும் நிற்கும் விஷயமன்று. கூண்டை வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொள்வது பாதி வேலையே. பட்சிக்கு ஆகாத புகை, நாள்தோறும் அடுப்பின் முன் நிற்கும் பெண்ணுக்கும் அவள் காலடியில் தவழும் குழந்தைக்கும் ஆகாது. பட்சி விரைவில் சாகிறது, மனிதர் மெல்ல நோயுறுகின்றனர், வேற்றுமை அவ்வளவே. ஆதலின் ஒவ்வொரு மிராசுதாரரும் தம் வீட்டில் கூண்டை வெளியேற்றுவதுடன், சமையலறைக்குப் புகைபோக்கியும் எதிரெதிர் ஜன்னல்களும் அமைத்து, அயலாருக்கு வழிகாட்டியாக விளங்குவது சாலச் சிறந்தது.