ஆழமானி பொய் சொன்னால்

சிறு வள்ளமொன்றிற் பொருத்தப்பட்ட பழைய ஆழமானி முற்றாகச் செயலிழந்துவிட்டால் அதனாற் பெருங்கேடு விளைவதில்லை. வள்ளக்காரர் ஈயக்குண்டைக் கயிற்றிற் கட்டி இறக்கி, எத்தனை பாகம் என்று அளந்துகொண்டு தம் வழியே போய்விடுவார். அக்கருவி உயிரோடிருந்து பொய் சொல்லும்போதுதான் வள்ளத்தின் அடி கல்லில் மோதுகிறது. ஆகவே, ஊமையான கருவியைக் காட்டிலும் பொய்யுரைக்கும் கருவியைப் பற்றியே நாம் இவ்வாரம் மிகுதியாகக் கூறவேண்டியிருக்கிறது.

நாம் கருதுவது ஒளிப்பொட்டு மின்னும் பழைய வகையை. அமெரிக்காவில் லோரன்ஸ் குடும்பத்தார் 1959 இல் விற்பனைக்கு விட்ட சிறு பச்சைப் பெட்டி இவ்வகையிற் புகழ் பெற்றது. இன்று திரையிலே படம் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. எனினும் பழையதைப் பேணி வைத்திருப்போர் இன்னும் உளர். அதன் வட்ட முகத்தின் பின்னே சிறு மோட்டார் ஒன்று ஒரு தட்டைச் சுழற்றுகிறது. தட்டின் விளிம்பில் நியோன் விளக்கு இருக்கும். அது பூச்சியத்தைக் கடக்கும் கணத்தில், நீருக்கடியிலுள்ள ஒலியுறுப்பு நம் செவிக்கெட்டாத ஒலித்துடிப்பொன்றை அனுப்புகிறது. கடலடியிற் பட்ட எதிரொலி மீண்டதும் விளக்கு மறுபடி மின்னுகிறது. அதற்குள் தட்டு எவ்வளவு சுழன்றதோ அதுவே ஆழம்.

ஒலியுறுப்பின் உள்ளே இருப்பது, மின் பாய்ந்தால் அதிர்வதும் அதிர்ந்தால் மின் தருவதுமான ஒரு பொருள். பளிங்குகளை அழுத்தினால் மின் பிறக்கும் என்பதை 1880 இல் கண்டவர்கள் பியேர் கியூரியும் அவர் தமையனார் யாக்குமாவர். மேரி கியூரி அம்மையாரின் கணவரே இந்தப் பியேர் என்பதை மாணவர் அறிவர்.

இனிக் கணக்குக்கு வருவோம். கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 4900 அடி, அதாவது 1500 மீற்றர் செல்லும். கருவியின் முகம் 60 அடி வரை காட்டுவதாயின், ஒலி போய்வரும் தூரம் 120 அடி. அதற்குச் செல்லும் நேரம் செக்கனின் நாற்பதிலொரு பங்கு. ஆதலால் தட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2400 தடவை சுழலவேண்டும். பற்றறி நலிந்து மோட்டார் பத்திலொரு பங்கு மெதுவாகச் சுழன்றால், 20 அடி ஆழம் 18 அடியாகத் தோன்றும். இப்பொய் அச்சத்தை ஊட்டுமேயன்றி ஆபத்தில் விடாது. வேகம் அதே அளவு கூடினாலோ, 20 அடி 22 அடியாகிவிடும். இல்லாத நீரை இருப்பதாகச் சொல்லும் பொய் இது.

இதனினும் கொடியது இரட்டை எதிரொலி. கெட்டியான கடலடியிற் பட்ட ஒலி மேலெழுந்து, நீரின் மேற்பரப்பில் மோதி, மீண்டும் கீழிறங்கித் திரும்பும். ஆறு அடி நீரில் 6, 12, 18 என்று பொட்டுகள் வரிசையாக மின்னும், முதலாவதே மெய். ஆனால் உணர்திறன் திருகை மிகையாகத் திருப்பியிருந்தால், பூச்சியத்தருகே விரியும் ஒளியில் மூன்று அடிப் பொட்டு மறைந்துபோம். அப்போது கண்ணுக்குப் படுவது இரண்டாவதாகிய ஆறு அடி! நம் யாழ்ப்பாணத்துப் பரவைக்கடல் போன்ற ஆழங்குறைந்த இடங்களில் இவ்வொரு பிழையே போதும். இத்தகைய நீரிற் செல்வோர் திருகைக் குறைத்து, முதற்பொட்டு வெளிப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

70 அடி ஆழத்தில் தட்டு ஒரு சுற்றை முடித்து 10 அடியிற் பொட்டைக் காட்டுவதும் உண்டு. இதைக் கண்டு கலங்குவோர் குண்டை இறக்கிப் பார்க்கலாம். பத்தடியில் தட்டாவிடிற் பயமில்லை.

கருவி ஊமையாகிவிட்டால், முதலிற் பற்றறியைப் பார்க்கவேண்டும். ஆளியைப் போட்டு மோட்டார் சுழலும்போதே வோல்ற்றை அளத்தல் நன்று. சும்மா இருக்கும் பற்றறி யாரையும் ஏமாற்றும். அடுத்து உருகி, அதன்பின் கம்பி முனைகள். உப்புக்காற்றிற் செம்பு பச்சைக் களிம்பு பூப்பது எவரும் அறிந்ததே. தட்டு சுழன்றும் எதிரொலி இல்லையெனில், ஒலியுறுப்பைக் கழற்றிக் காதருகே பிடித்துப் பாருங்கள். மெல்லிய டிக்டிக் ஒலி கேட்டால் மின் அதுவரை வருகிறது. கரையில் வைத்து ஆழம் காட்டவில்லையே என்று அதைப் பழித்தல் நியாயமன்று. காற்றினூடே அது வேலை செய்யாது. அடிப்புறத்தில் ஒட்டிய சிப்பியும் பாசியும் தடித்த பூச்சும் ஒலியைத் தின்றுவிடும். வள்ளம் வேகமெடுக்கையில் மட்டும் பொட்டு மறைந்தால், ஒலியுறுப்பின் கீழே காற்றுக்குமிழிகள் ஓடுகின்றன என்று கொள்க. முகமெங்கும் பொட்டுகள் சிதறினால், பாதுகாப்பான இடத்தில் இயந்திரத்தை நிறுத்துங்கள். சிதறல் நின்றால் குற்றம் இயந்திரத்துப் பிளக்கின் தீப்பொறியிலேயே உள்ளது.

பெட்டியைத் திறக்க விரும்பும் இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை. நியோன் விளக்கை ஏற்றும் மின்னழுத்தம் பற்றறியினுடையதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆளியை நிறுத்திய பின்னரும் அது சிறிது நேரம் உள்ளே தங்கியிருக்கும். அறிந்தவர் துணையின்றிக் கை வைக்கலாகாது.

கருவியைச் செப்பஞ்செய்தபின் இரண்டு இடங்களில், ஒன்று ஆழங்குறைந்ததாகவும் மற்றது ஆழமிக்கதாகவும் தேர்ந்து, ஈயக்குண்டின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைவாயின், ஒலியுறுப்பு நீர்மட்டத்துக்கு அவ்வளவு கீழே இருக்கிறது; அதைக் கூட்டிக்கொண்டாற் போதும். ஆழத்தோடு வேறுபாடும் வளருமாயின் மோட்டாரின் வேகத்தைத் திருத்தவேண்டும்.