பெட்டியைப் பிரிக்காமல் கொடுப்பது வியாபாரமா?

ஸ்டீரியோ செட், ஹோம் தியேட்டர் விற்கும் நம் உறுப்பினர்களிடையே ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. வாடிக்கையாளர் மாடலைக் கைகாட்டுகிறார். கடைப் பையன் குடோனுக்கு ஓடிச் சென்று சீல் உடையாத பெட்டியைத் தூக்கி வருகிறான். பில் போட்டு, வாரண்டி கார்டில் முத்திரை குத்தி, கட்டுக் கயிறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். "சீல் உடைக்காமல் கொடுத்தாயிற்று, இனி கம்பெனியாச்சு, அவராச்சு" என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறோம். இது தவறு என்பது என் கருத்து. நியாயப்படி மட்டுமல்ல, இன்றைய சட்டப்படியும், வியாபாரக் கணக்குப்படியும் தவறு.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்றால், நானும் இருபது வருடம் அப்படித்தான் விற்றேன். என்னை மாற்றியது ஒரு வீடு.

பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் மகளின் புதுமனை புகுவிழாவுக்காக ஒரு செட் வாங்கிப் போனார். நான்காம் நாள் காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நிற்கிறார். "அண்ணாச்சி, செட்டைத் தொட்டா சுருக்கு சுருக்குன்னு இழுக்குது. பேரப்பிள்ளை தொட்டுட்டு அழுதான். நல்ல சரக்கா கொடுங்கன்னு உங்ககிட்ட கேட்டுத்தானே வாங்கினேன்?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் வலித்தது. மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு அன்றே போனேன்.

செட்டில் பழுது ஒன்றுமில்லை. இரும்புத் தகட்டுப் பெட்டி, மூன்று பின் வைத்த பிளக். அந்த வீட்டுச் சுவிட்ச் போர்டில் மூன்று ஓட்டை இருந்தது. மேல் ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயரே இல்லை. இத்தகைய செட்டுகளில் உள்ளே இருக்கும் ஃபில்டர் வழியாக மிகச் சிறிய அளவு மின்சாரம் எப்போதும் வெளித்தகட்டுக்குக் கசியும். எர்த் இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தொடுகிற கை வழியாகப் போகும். அன்று சுருக்கென்றதோடு நின்றது. உள்ளே ஒரு வயர் அறுந்து தகட்டில் பட்டிருந்தால் சுருக்கென்றதோடு நின்றிருக்காது.

அது மட்டுமா? செட்டின் மேல் பூவேலை செய்த துணியைப் போர்த்தி, அதன் மேல் தண்ணீர் ஊற்றிய பித்தளைக் கிண்ணத்தில் பூ மிதக்க விட்டிருந்தார்கள். ஒரு பாக்ஸ் கூடத்தில், இன்னொரு பாக்ஸ் அடுப்படியில். "வேலை செய்யும்போது அவளும் கேட்கட்டுமே" என்றார் மருமகன். நல்ல எண்ணம்தான், ஆனால் ஸ்டீரியோவுக்குக் கொடுத்த காசு வீண். இதையெல்லாம் பார்த்துவிட்டு வண்டியில் திரும்பும்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இதில் ஒன்றையாவது நான் விற்கும்போது அவரிடம் சொன்னேனா?

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கெல்லாம் பழக்கமானது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் பொருளால் ஏற்படும் தீங்குக்குப் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. அதன் 86-வது பிரிவு தயாரிப்பாளரைப் பற்றியதல்ல, விற்பவரைப் பற்றியது, அதாவது நம்மைப் பற்றியது. பொருளின் ஆபத்து பற்றியும், சரியாகப் பயன்படுத்தும் முறை பற்றியும் தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையையும் குறிப்பையும் விற்பவர் வாடிக்கையாளருக்குச் சேர்ப்பிக்காமல் இருந்து, அதனால் தீங்கு நேர்ந்தால் விற்றவரும் பொறுப்பு என்கிறது. பொருளை விற்பவர் மாற்றியமைத்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமானாலும் பொறுப்புதான். "போர்டில் நுழையவில்லை" என்று வாடிக்கையாளர் சொன்னதும், கட்டிங் பிளேயரை எடுத்து மூன்று பின் பிளக்கை வெட்டி இரண்டு பின் மாட்டிக் கொடுக்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்றாலும் பொறுப்பு நம் தலையில். பெயரில்லாத அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபயரை வாங்கி அடுக்கி வைத்திருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

வாடிக்கையாளர் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் மீது வழக்கு நிற்காது என்று 87-வது பிரிவு நமக்குப் பாதுகாப்பும் தருகிறது. ஆனால் சரியான முறை எது என்று சொல்லிக் கொடுத்தவர்தானே, அவர் தவறாகப் பயன்படுத்தினார் என்று தைரியமாகச் சொல்ல முடியும்? சீல் உடைக்காத பெட்டி இதற்குச் சாட்சி சொல்லாது.

ஆகவே பெட்டியை வாடிக்கையாளர் எதிரிலேயே பிரிக்க வேண்டும் என்கிறேன். பிரித்தால் பழைய சரக்கு என்று நினைப்பார்களே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அவர் கையாலேயே டேப்பைக் கிழிக்கச் சொல்லுங்கள், அந்தச் சந்தேகம் வராது. பிரித்ததும் முதலில் காட்ட வேண்டியது செட்டின் பின்பக்கம். முன்பக்கத்து விளக்குகளை அவரே பார்த்துக்கொள்வார்.

பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 சைக்கிள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டு வந்த செட் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கும். நேரே சொருகினால் புகைதான். சில வெளிநாட்டுச் செட்டுகளில் வோல்டேஜ் மாற்றும் திருகு சுவிட்ச் பின்னால் இருக்கும், அதை 220–240-க்குத் திருப்பிவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும். துபாய், சிங்கப்பூர் சரக்குகளில் வோல்டேஜ் தொல்லை இல்லை, பிளக்தான் சதுரப் பின்னாக வரும். அதற்கு நல்ல அடாப்டரை விற்கலாம். வயரின் நுனியைச் சீவி ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவதற்கு நாம் உடந்தையாகக் கூடாது.

அதே இடத்தில், சதுரத்துக்குள் ஒரு சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்று காட்டுங்கள். அந்தக் குறி இருந்தால் இரட்டைக் காப்பு செய்த செட். இரண்டு பின் போதும், எர்த் வேண்டாம். அந்தக் குறி இல்லாமல் மூன்று பின் வந்தால் எர்த் கட்டாயம். "வீட்டில் எர்த் இருக்கிறதா? எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதையும் வைத்துவிடுங்கள்" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. இப்படிச் சொல்லி ஒரு வியாபாரம் எனக்குக் கைவிட்டுப் போனதும் உண்டு. இன்னொரு கடையில் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார்கள் என்று அங்கே வாங்கிக்கொண்டார். போகட்டும்.

அடுத்தது வாட்ஸ். பி.எம்.பி.ஓ. என்று பொன்னெழுத்தில் ஒட்டிவரும் கணக்கை வைத்து நாம் எத்தனை வருடம் பிழைத்தோம்! அந்த எண்ணுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. முன்னால் 3000 வாட்ஸ் என்று ஸ்டிக்கர். பின்னால் மின்செலவு 60 வாட்ஸ் என்று சின்ன எழுத்து. அறுபது உள்ளே போய் மூவாயிரம் தொடர்ந்து வெளியே வருமென்றால் மின்வாரியத்துக்கே ஆளுக்கொரு செட் வாங்கிக் கொடுத்துவிடலாம். உண்மையில் 3000 வாட்ஸ் இழுக்கும் சாமானுக்கு 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் வேண்டும், டி.வி. மேஜைக்கு மேலிருக்கும் 6 ஆம்பியர் சாக்கெட் தாங்காது. வாடிக்கையாளரிடம் ஆர்.எம்.எஸ். கணக்கைச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு 10, 15 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். இருந்தால் சாதாரணக் கூடத்துக்குத் தாராளம். வாட்ஸ் அதிகம் என்று நம்பி வாங்கியவர்தான் வால்யூமை முழுக்கத் திருகுகிறார். ஒலி கரகரத்து உடைகிறது. அந்த உடைந்த ஒலிதான் சின்ன ஸ்பீக்கரான டுவீட்டரை எரிக்கிறது. கரகரத்தால் குறைக்க வேண்டும் என்ற ஒரு வார்த்தை, வாரண்டி சண்டையில் பாதியை மிச்சப்படுத்தும்.

பாக்ஸ் வயர் விஷயத்தில் பையன்களுக்குப் பொறுமையாகப் பழக்க வேண்டும். செட்டை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு; ஒரு பக்கம் மாறிவிட்டால் செட் கெடாது, ஆனால் கனமான தாளம் காணாமல் போய்விடும். அப்படி மாறிய வயரோடு "பேஸ் இல்லை" என்று திரும்பி வந்த செட்டுகளை நானே பார்த்திருக்கிறேன். முறுக்கிய செம்புக் கம்பியில் ஒரு இழை வெளியே நீட்டிப் பக்கத்து முனையில் பட்டால் ஷார்ட், ஆம்ப்ளிஃபயர் போய்விடும். பிறகு, கூட இரண்டு பாக்ஸ் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள். 8 ஓம் பாக்ஸோடு இன்னொரு 8 ஓம் பாக்ஸைச் சேர்த்துக் கட்டினால் 4 ஓம் ஆகிவிடும், செட் இரண்டு பங்கு கரண்ட் கொடுக்க வேண்டிவரும். செட்டின் பின்னால் 4 ஓம் தாங்கும் என்று எழுதியிருந்தாலொழிய விற்காதீர்கள். இரண்டு பாக்ஸ் விற்ற லாபத்தை ஒரு ஐ.சி. தின்றுவிடும்.

வைக்கும் இடம் சுலபம். இரண்டு பாக்ஸுக்கும் இடையே ஆறு, ஏழு அடி. உட்கார்ந்து கேட்பவருக்கும் அதே தூரம். உட்கார்ந்த காது உயரம். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் கும்மென்று ஊதும், பாட்டு புரியாது. செட்டைச் சுற்றி நாலு விரற்கடையாவது காற்று போக வேண்டும். மேலே துணி, செய்தித்தாள், பூக்கிண்ணம், சாமி விளக்கு எதுவும் கூடாது. நம் ஊரில் இன்னொன்று உண்டு: பல்லி. டிரான்ஸ்ஃபார்மர் சூட்டுக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். ஷார்ட் ஆகி அதுவும் போகும், போர்டும் போகும். இரவில் சுவரிலேயே சுவிட்சை அணைத்துவிட்டால் சூடும் இராது, பல்லியும் வராது. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இடி நெருங்குமுன்பே பிளக்கையும் மாடியிலிருந்து வரும் ஏரியல் வயரையும் கழற்றிவிட வேண்டும். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி ஓட்டும் சாமர்த்தியத்தால் எரிந்துபோன செட்டுகள் என் மெக்கானிக்கின் மேஜையிலேயே இருந்திருக்கின்றன.

இவ்வளவும் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கடிகாரம் வைத்துப் பார்த்தேன், பெட்டி பிரிப்பதிலிருந்து பாட்டு வரும்வரை இருபத்தைந்து நிமிடம். லாபம் மெலிந்துபோன காலத்தில் இதற்கு ஆள் சம்பளம் யார் கொடுப்பது என்பார்கள். நியாயமான கேள்விதான். பண்டிகைக் கூட்டத்தில் முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆன்லைனில் நம்மைவிட விலை குறைத்து விற்பவனிடம் இல்லாத சரக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? அந்த இருபத்தைந்து நிமிடம்தான். கிராமத்துக்காரர் அன்று செட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எர்த் போட்டுக் கொடுக்க எலக்ட்ரீஷியனை நானே அனுப்பினேன். பிறகு அவர் வீட்டு மிக்சி, ஃபேன், கடைசியில் ஃப்ரிட்ஜ் எல்லாம் என் கடையில்தான் எடுத்தார்.

சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்று. சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் நாமே தீபாவளி நேரத்தில் பாக்ஸைத் தெருப்பக்கம் திருப்பி வைத்து அலறவிடுகிறோம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி கடைவீதிக்குப் பகலில் 65 டெசிபல், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. நம் பஜாரில் மாடியெல்லாம் வீடுதான்.

சங்கத்துக்கு என் கோரிக்கை இரண்டு. மேலே சொன்னவற்றைத் தமிழில் ஒரே தாளில், பெரிய எழுத்தில், படத்தோடு அச்சிட்டு உறுப்பினர் கடைகளுக்கெல்லாம் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்திலும் சீனத்திலும் உள்ள கம்பெனிப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. அடியில் "விளக்கிச் சொல்லப்பட்டது" என்று வாடிக்கையாளர் கையெழுத்துப் போட ஒரு வரி விட்டு, அந்தப் பகுதியைக் கிழித்துப் பில் நகலோடு நாம் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, எர்த் சோதிக்கத் தெரிந்த, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்களின் பட்டியல் ஒன்று சங்க அலுவலகத்தில் தயாராக வேண்டும். முதல் ஆயிரம் தாளுக்கான அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். வாசகத்தை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். திருத்தம் சொல்ல விரும்பும் உறுப்பினர்கள் அடுத்த பொதுக்குழுவுக்கு முன்னால் அவரிடம் வாங்கிப் பார்க்கலாம்.