சட்டைப்பைக்குள் ஒரு தலைவர்: ஸ்காட்லாந்தில் போட்டியிட்ட கட்சி இங்கிலாந்து தேர்தலை எப்படி மாற்றியது?

2015 மார்ச் மாதம். பிரிட்டன் பொதுத்தேர்தலுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. கன்சர்வேட்டிவ் கட்சி ஒரு போஸ்டரை வெளியிட்டது. அலெக்ஸ் சால்மண்ட் கோட்டு போட்டு நிற்கிறார். அவருடைய மேல் சட்டைப்பையில் பொம்மை சைஸில் எட்டிப் பார்க்கிறார் லேபர் கட்சித் தலைவர் எட் மிலிபேண்ட். அவ்வளவுதான் போஸ்டர்.

சால்மண்ட் யார்? ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்று கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் (எஸ்.என்.பி.) முன்னாள் தலைவர். அந்தத் தேர்தலில் அந்தக் கட்சி ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் மட்டும்தான் போட்டியிட்டது. இங்கிலாந்தில் அப்போது 533 தொகுதிகள் இருந்தன, ஒன்றில்கூட எஸ்.என்.பி. வேட்பாளர் கிடையாது. ஆனால் கன்சர்வேட்டிவ் கட்சி அந்தப் போஸ்டரைத் தயாரித்தது இங்கிலாந்து வாக்காளர்களுக்காக. தங்களால் ஓட்டுப் போடவும் முடியாத, தோற்கடிக்கவும் முடியாத ஒரு கட்சியைப் பார்த்து அவர்கள் பயப்பட வேண்டும். அதுதான் கணக்கு.

மே 7-ம் தேதி தேர்தல் முடிந்தபோது அந்தக் கணக்கு பலித்தது போலவே தெரிந்தது. எந்த அளவுக்குப் பலித்தது என்பதில்தான் இன்றுவரை சண்டை.

தோற்ற கட்சி எப்படி வளர்ந்தது?

கதை தொடங்குவது ஒரு தோல்வியில். 2014 செப்டம்பர் 18 அன்று, ஸ்காட்லாந்து தனி நாடாகலாமா என்ற பொதுவாக்கெடுப்பு நடந்தது. 84.6% பேர் வாக்களித்தார்கள். 'வேண்டாம்' 55.3%, 'வேண்டும்' 44.7%. எஸ்.என்.பி. தோற்றது. சால்மண்ட் பதவி விலகினார். நிகோலா ஸ்டர்ஜன் தலைவரானார். வழக்கமாக இப்படித் தோற்ற கட்சி கொஞ்ச நாள் வாயைத் திறக்காது.

இங்கே நடந்தது தலைகீழ். வாக்கெடுப்புக்கு முன் சுமார் 25 ஆயிரமாக இருந்த கட்சி உறுப்பினர் எண்ணிக்கை, அடுத்த மார்ச்சுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டியது. காரணம் எளிது. 'வேண்டும்' என்று சொன்ன 44.7% பேரும் ஒரே கட்சியின் பின்னால் நிற்க ஆரம்பித்தார்கள். 'வேண்டாம்' என்று சொன்னவர்களோ கன்சர்வேட்டிவ், லேபர், லிபரல் டெமாக்ரட் என்று மூன்றாகப் பிரிந்து கிடந்தார்கள். ஒரு தொகுதியில் யார் அதிக ஓட்டு வாங்குகிறாரோ அவரே எம்.பி. என்பதுதான் பிரிட்டன் முறை. இந்தியாவுக்கும் அதே முறைதான் வந்து சேர்ந்தது என்பதால் இதன் விளைவை நம் வாசகர்களுக்கு விளக்கவே வேண்டாம். வாக்கெடுப்பில் தோற்க வைக்கும் 45%, தொகுதித் தேர்தலில் அள்ளிக்கொண்டு போகும்.

லேபர் செய்த தவறு அதற்கும் முன்பே ஆரம்பித்திருந்தது. வாக்கெடுப்புப் பிரச்சாரத்தில் அது கன்சர்வேட்டிவ் கட்சியுடன் ஒரே மேடையில் நின்றது. ஸ்காட்லாந்தின் தொழிலாளர் பகுதிகளில் கன்சர்வேட்டிவ் என்ற பெயருக்கு, மார்கரெட் தாட்சர் காலத்திலிருந்தே நல்ல பெயர் இல்லை. அந்த மேடையைப் பார்த்தவர்கள் லேபருக்கு 'சிவப்பு டோரி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வாக்கெடுப்பு முடிவு வந்த மறுநாள் காலையிலேயே பிரதமர் டேவிட் கேமரன், இனி இங்கிலாந்து விஷயங்களில் இங்கிலாந்து எம்.பி.க்களுக்கே முடிவெடுக்கும் உரிமை வேண்டும் என்று பேசினார். 'எங்களோடு இருங்கள்' என்று முந்தைய நாள்வரை கெஞ்சிய வாய் அது. ஸ்காட்லாந்தில் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. எஸ்.என்.பி.க்கு இதைவிட நல்ல பிரச்சார உரை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

டி.வி. மேடையில் நடந்தது

2015 ஏப்ரல் 2-ம் தேதி, ஏழு கட்சித் தலைவர்கள் கலந்துகொண்ட டி.வி. விவாதம். ஸ்டர்ஜன் அதில் அசத்தினார். பொதுத்தேர்தலில் அவர் வேட்பாளரே இல்லை என்பது இதில் ஒரு வேடிக்கை. அன்று இரவு பிரிட்டனில் கூகுளில் அதிகம் தேடப்பட்ட கேள்விகளில் ஒன்று: 'நான் எஸ்.என்.பி.க்கு ஓட்டுப் போட முடியுமா?'

இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 16 அன்று எதிர்க்கட்சித் தலைவர்கள் ஐந்து பேரின் விவாதம். கேமரன் வரவில்லை. 'நாம் சேர்ந்தால் கேமரனை டவுனிங் தெருவுக்குள் நுழையவிடாமல் பூட்டிவிடலாம்' என்ற பொருளில் ஸ்டர்ஜன் மிலிபேண்டுக்கு மேடையிலேயே அழைப்பு விடுத்தார். ஸ்காட்லாந்தில் அதைக் கேட்டவருக்கு அது நல்ல செய்தி: எஸ்.என்.பி.க்குப் போட்டாலும் டோரிகளை விரட்டலாம், லேபருக்குத்தான் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. அதே வாக்கியம் இங்கிலாந்தில் வேறு மாதிரி கேட்டது. நாட்டைப் பிரிக்க நினைப்பவர்களின் தயவில் ஒரு பிரதமர்! விவாதம் முடிந்ததும் ஸ்டர்ஜனும் மற்ற இரண்டு பெண் தலைவர்களும் கட்டிப்பிடித்துக்கொள்ள, மிலிபேண்ட் தன் இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த காட்சியும் பரவியது.

பிரச்சாரத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஒரே வாக்கியம், இரண்டு நாடுகளில் இரண்டு அர்த்தம். இரண்டுமே லேபருக்கு நஷ்டம்.

ஏப்ரல் கடைசி வாரங்களில் சால்மண்ட் ஒரு கூட்டத்தில், 'லேபர் பட்ஜெட்டை நான்தான் எழுதுகிறேன்' என்று ஜோக் அடித்தார். அந்த வீடியோவைக் கேமரனே தன் ட்விட்டர் பக்கத்தில் பகிர்ந்தார். ஒருவர் கைதட்டலுக்காகச் சொன்னது, இன்னொருவருக்கு விளம்பரமானது.

மிலிபேண்டுக்கு இரண்டே வழி. எஸ்.என்.பி.யுடன் பேசுவேன் என்றால் இங்கிலாந்தில் அடி. பேச மாட்டேன் என்றால் ஸ்காட்லாந்தில் அடி. ஏப்ரல் 30 அன்று லீட்ஸ் நகரில் நடந்த டி.வி. நிகழ்ச்சியில், எஸ்.என்.பி.யுடன் ஒப்பந்தம் செய்துதான் ஆட்சிக்கு வர முடியும் என்றால் ஆட்சியே வேண்டாம் என்ற பொருளில் பதில் சொன்னார். இங்கிலாந்தில் நம்பாதவர்கள் அப்போதும் நம்பவில்லை. ஸ்காட்லாந்தில் ஸ்டர்ஜன் உடனே பிடித்துக்கொண்டார்: பாருங்கள், எங்களோடு சேர்வதைவிட டோரிகளை உட்கார வைப்பதே இவர்களுக்கு மேல்!

கன்சர்வேட்டிவ் கட்சிக்குள்ளேயே இது நல்லதல்ல என்று சொன்னவர்கள் உண்டு. தாட்சர் காலத்து ஆளும், முன்னாள் ஸ்காட்லாந்து அமைச்சருமான மைக்கேல் ஃபோர்சைத், எஸ்.என்.பி.யை இப்படி ஊதிப் பெருக்குவது குறுகிய பார்வை, ஆபத்தானது என்று வெளிப்படையாகவே எச்சரித்தார். நாட்டின் ஒற்றுமைதான் தன் கொள்கை என்று சொல்லும் கட்சி, நாட்டின் ஒரு பகுதி மக்கள் தேர்ந்தெடுக்கும் எம்.பி.க்களைத் திருடர்கள் மாதிரிக் காட்டினால் அது என்ன ஒற்றுமை? நியாயமான கேள்விதான். ஆனால் ஓட்டு எண்ணும் மேஜையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

எண்கள் சொல்வது என்ன?

ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56 எஸ்.என்.பி.க்கு. வாங்கிய ஓட்டு 50%. லேபர் 24% வாங்கியும் மிஞ்சியது ஒரே தொகுதி. 2010-ல் அதற்கு 41 இருந்தது. லேபரின் பிரச்சாரப் பொறுப்பாளர்களில் ஒருவரான டக்ளஸ் அலெக்சாண்டரை, 20 வயது மாணவி மைரி பிளாக் தோற்கடித்தார். நாடு முழுக்கப் பார்த்தால் எஸ்.என்.பி. வாங்கியது சுமார் 14.5 லட்சம் ஓட்டு. யூகிப் கட்சி 38 லட்சத்துக்கு மேல் வாங்கி ஒரே ஒரு தொகுதி ஜெயித்தது.

இப்போது கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். 'எஸ்.என்.பி.தான் லேபரைத் தோற்கடித்தது' என்று பலரும் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்தில் இழந்த 40 தொகுதிகளையும் லேபர் தக்கவைத்திருந்தால்? 232 என்பது 272 ஆகியிருக்கும். கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 330, சபாநாயகரைச் சேர்த்தால் 331. பெரும்பான்மைக்குத் தேவை 326. ஆகவே கேமரன்தான் பிரதமர். ஸ்காட்லாந்து முடிவு மட்டும் லேபரின் ஆட்சிக் கனவைப் பறிக்கவில்லை.

முடிவை எழுதியது இங்கிலாந்து. அதிலும் கவனிக்க வேண்டியது, கேமரனின் கூட்டணித் தோழனான லிபரல் டெமாக்ரட் கட்சியின் சரிவு. 57-லிருந்து 8. அது இழந்தவற்றில் 27 தொகுதிகள் நேராகக் கன்சர்வேட்டிவ் கைக்குப் போயின. தென்மேற்கு இங்கிலாந்தில் அந்தக் கட்சி துடைத்தெறியப்பட்டது. 'தொங்கு சபை வந்தால் எஸ்.என்.பி. ஆட்டிப் படைக்கும்' என்ற பயம் இது போன்ற தொகுதிகளில்தான் வேலை செய்ய வாய்ப்பு அதிகம். அங்கே லேபருக்கு ஓட்டுப் போடுவது பற்றிய பேச்சே இல்லை. நடுவில் நிற்கும் மூன்றாவது கட்சிக்குப் போடலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. கூட்டணியில் சேர்ந்ததிலிருந்தே லிபரல் டெமாக்ரட் கட்சியின் செல்வாக்கு இறங்கு முகம்தான். பொருளாதாரத்தில் மிலிபேண்டை நம்பாதவர்களும் நிறைய. தேர்தலுக்கு முன் கருத்துக்கணிப்புகள் இரண்டு பெரிய கட்சிகளும் சமம் என்றன. முடிவில் 6 சதவீதப் புள்ளிக்கு மேல் வித்தியாசம். கடைசி நேரத்தில் போஸ்டரைப் பார்த்து மக்கள் மாறிவிட்டார்கள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னர் நடந்த விசாரணை, கணிப்பாளர்கள் தேர்ந்தெடுத்த மாதிரியிலேயே லேபர் ஆதரவாளர்கள் அதிகம் இருந்ததுதான் முக்கியக் காரணம் என்றது. அப்படியானால் கன்சர்வேட்டிவ் முன்னிலை முதலிலிருந்தே இருந்திருக்கலாம்.

அந்தக் கணிப்புகள் தவறாக இருந்தாலும் அவை வேறொரு வேலையைச் செய்தன. 'தொங்கு சபை நிச்சயம்' என்று தினமும் சொன்னதால், யார் யாருடன் சேர்வார் என்பதைத் தவிர வேறு பேச்சே எழவில்லை. மருத்துவமனை, வாடகை, சம்பளம் என்று லேபர் பேச விரும்பிய எல்லாம் இரண்டாம் பக்கத்துக்குப் போனது. எஸ்.என்.பி. பிரச்சாரத்தின் உண்மையான பலம் இதுதான்: தேர்தலின் கேள்வியையே அது மாற்றியது. அந்தக் கேள்வி மாற வேண்டும் என்று ஸ்டர்ஜனும் விரும்பினார், கேமரனும் விரும்பினார். அவரவர் எல்லைக்குள் இருவரும் ஜெயித்தார்கள்.

தனிப்பெரும்பான்மை கிடைத்ததும் கேமரன், வாக்குறுதி கொடுத்தபடி ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய வாக்கெடுப்பை 2016 ஜூன் 23 அன்று நடத்தினார். ஸ்காட்லாந்தில் 62% பேர் 'ஒன்றியத்திலேயே இருப்போம்' என்றார்கள். பிரிட்டன் வெளியேறியது. கேமரனும் போனார்.

அடுத்து வந்த தெரேசா மே 2017-ல் தேர்தல் வைத்தார். அதற்குச் சற்று முன்பு ஸ்டர்ஜன் இரண்டாவது விடுதலை வாக்கெடுப்பு கேட்டிருந்தார். இந்த முறை பயந்தவர்கள் ஸ்காட்லாந்துக்குள்ளேயே இருந்தார்கள். அங்கே கன்சர்வேட்டிவ் 1-லிருந்து 13 ஆனது, எஸ்.என்.பி. 35-க்கு இறங்கியது. நாடு முழுக்கப் பெரும்பான்மையை இழந்த மே, அந்த 12 கூடுதல் தொகுதிகளும் இல்லாவிட்டால் ஆட்சியே அமைத்திருக்க முடியாது. அப்போதும் எண்ணிக்கை போதவில்லை. வடக்கு அயர்லாந்தில் மட்டும் போட்டியிடும் டி.யு.பி. கட்சியின் 10 எம்.பி.க்களிடம் ஆதரவு கேட்டார். அந்தப் பகுதிக்கு 100 கோடி பவுண்டு கூடுதல் நிதி என்று பேசி முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தானது.