எப்போதாவது இறக்கும் படகுக்கும் பதிவு தேவையா?



கரையோரக் கிராமங்களிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. “வீட்டுக்காரர் விட்டுப்போன படகு ஒன்று கரையில் கிடக்கிறது. நாங்கள் முழுநேரமாகத் தொழில் செய்பவர்கள் அல்ல. தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கு மீன் பிடிக்க இறக்குவான். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் ஒரு சுற்றுப் போய்வருவார்கள். இதற்காகக் கந்தோர் கந்தோராக அலைந்து பதிவும் அனுமதியும் எடுக்கத்தான் வேண்டுமா?”

இது நியாயமான கேள்வி. ஒரு நாள் கந்தோருக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். பஸ் காசு வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். போர்க்காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் எடுக்க வரிசையில் நின்ற நினைவு இன்னும் பலருக்கு இருக்கிறது. அதனால் ‘அனுமதி’ என்ற சொல்லே சிலருக்குக் கசக்கிறது. ஆகவே “சட்டம் சொல்கிறது, எடுங்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், செலவையும் பயனையும் இரண்டு தட்டில் வைத்துப் பார்ப்போம்.

மூன்று விடயங்கள், மூன்று பதில்கள்

முதலில், நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் மூன்று விடயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, படகின் பதிவு. இந்தப் படகு யாருடையது என்பதற்கான சான்று இது. இரண்டு, மீன்பிடி அனுமதிப்பத்திரம். குறித்த வகைத் தொழிலைச் செய்வதற்கு இது வேண்டும். மூன்று, படகை ஓட்டுபவரின் தகுதி. அவர் இயந்திரத்தையும் கடலையும் அறிந்தவரா என்பது பற்றியது.

முதல் இரண்டும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. மீன் பிடிக்கும் படகு எதுவும் பதியப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் விதி. முழுநேரத் தொழிலாளரா, ஞாயிற்றுக்கிழமைத் தொழிலாளரா என்று அது பார்ப்பதில்லை. பதிந்த படகின் அணியத்தில் எழுதியிருக்கும் எழுத்துகளைக் கவனித்திருப்பீர்கள். ‘ஓ.எப்.ஆர்.பி’ என்றிருந்தால் அது வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகு. ‘எம்.ரி.ஆர்.பி’ என்றால் இயந்திரம் பூட்டிய பாரம்பரிய வள்ளம். ‘என்.ரி.ஆர்.பி’ என்றால் இயந்திரம் இல்லாத பாரம்பரிய வள்ளம். தோணிக்குக்கூடத் தனி எழுத்து இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது விடயத்தில் நாட்டுக்கு நாடு முறை வேறு. நமது உறவினர் பலர் வாழும் கனடாவில், 2009 செப்டெம்பர் மாதத்திலிருந்து, இயந்திரம் பூட்டிய உல்லாசப் படகை ஓட்டும் எவரும் தகுதிச் சான்று வைத்திருக்க வேண்டும். பெரும்பாலானோர் ஒரு பரீட்சை எழுதி அதற்கான அட்டையைப் பெறுகிறார்கள். ஒருமுறை எடுத்தால் அந்த அட்டை ஆயுள் முழுவதும் செல்லும். நோர்வேயில் 1980ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்கள், 8 மீற்றருக்கு மேல் நீளமான அல்லது 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரம் கொண்ட படகை ஓட்டச் சான்றிதழ் எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் சொந்தப் படகைக் கடலில் ஓட்டச் சட்டம் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனாலும் பலர் தாமாகவே இரண்டு நாள் பயிற்சிக்குப் போகிறார்கள். கோடை விடுமுறையில் நாலு நாள் மட்டும் படகு ஓட்டுபவர்கள் எதற்காகப் படிக்கிறார்கள்? நாலு நாள் மட்டும் ஓட்டுவதால்தான். நாளாந்தம் கடலுக்குப் போகிறவரின் கைக்கு அது பழகிவிடும். எப்போதாவது போகிறவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

படகு யார் பெயரில் இருக்கிறது?

பெண்களாகிய நமக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். படகு கணவர் பெயரில் இருக்கலாம். மாமனார் பெயரில் இருக்கலாம். யார் பெயரிலும் இல்லாமலும் இருக்கலாம். படகு கரையில் சும்மா கிடக்கும்வரை இது ஒரு பிரச்சினையாகத் தெரியாது. பிரச்சினை வரும் நாளில்தான் பத்திரம் தேடுவோம்.

2004 டிசம்பர் 26இல் கடற்கோள் வந்தபோது வடக்குக் கிழக்குக் கரைகளில் படகுகள் ஆயிரக்கணக்கில் அழிந்தன. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோதும் படகுகள் சேதமாயின. இப்படியான நேரங்களில் “என்னிடம் ஒரு படகு இருந்தது” என்று சொல்பவர் அதைக் காட்ட வேண்டியிருக்கிறது. கையில் பதிவு இருந்தால் ஒரு வார்த்தையில் முடியும். இல்லையென்றால் சங்கம், கிராம அலுவலர், அயலவர் என்று சாட்சி தேடி அலைய வேண்டும்.

எரிபொருளும் அப்படித்தான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. இத்தகைய காலங்களில் கடற்றொழிலாளருக்கு மானியமோ பங்கீடோ வந்தால், பட்டியல் பதிவுள்ள படகுகளை வைத்தே தயாராகும். படகை வைத்துக் கடன் கேட்டாலும், காப்புறுதி செய்யப் போனாலும், விற்கப் போனாலும் முதற் கேள்வி பதிவு பற்றியதாகவே இருக்கும். பதிவில்லாத படகை வாங்க வருபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

பெண் பெயரில் படகைப் பதியச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. தேசவழமைச் சட்டத்தின் கீழ் உள்ள மனைவி தன் காணியை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டும் என்பதை நாம் அறிவோம். படகு அசையும் சொத்து. உங்கள் சொந்தப் படகுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

கணவர் காணாமல் போயிருந்தால்

இது பல சகோதரிகளின் மனதை அறுக்கும் விடயம். பதிவை மாற்றப் போனால் மரணச் சான்றிதழ் கேட்கிறார்கள், அதை எடுக்க மனம் ஒப்பவில்லை என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். படகு வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. இயந்திரம் உப்பில் இறுகுகிறது.

2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காணாமற்போனவரின் குடும்பத்தவர் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். அவர் இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை. அவரைத் தேடும் உங்கள் உரிமையும் அதனால் அற்றுப்போவதில்லை. நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும், அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் அதைப் பயன்படுத்தலாம். எந்தச் சான்றிதழ் எடுப்பது, எடுப்பதா விடுவதா என்பது உங்கள் தீர்மானம். ஒருவரும் உங்களை வற்புறுத்த முடியாது. ஆனால் மரணச் சான்றிதழ் மட்டுமே வழி என்று எண்ணிப் படகைக் கைவிட்டுவிட வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையத்தில் இது பற்றி இலவசமாக ஆலோசனை பெறலாம்.

பங்குக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

தாங்கள் போகாமல், இன்னொருவருக்குப் படகைப் பங்குக்கோ வாடகைக்கோ கொடுக்கும் பெண்கள் அநேகர். “நான் கடலுக்கே போவதில்லை, எனக்கெதற்குப் பத்திரம்?” என்று அவர்கள் கேட்கிறார்கள். உண்மையில் அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. படகு உங்கள் கண்ணுக்கு அப்பால் ஓடுகிறது. டைனமைற் போடுவது குற்றம். இழுவைமடித் தொழிலை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்தது. கஞ்சா கடத்தலில் பிடிபடும் படகுகள் பற்றிய செய்திகளையும் வாசிக்கிறோம். உங்கள் படகு அப்படி அகப்பட்டால் விசாரணை உங்கள் வீட்டுக்கும் வரும். யாருக்கு, எந்தத் திகதியிலிருந்து, என்ன தொழிலுக்காகக் கொடுத்தீர்கள் என்று எழுதி, இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்ட ஒரு தாளை வைத்திருங்கள். எழுதத் தயங்குபவருக்குப் படகு கொடுக்கத் தயங்குங்கள். சொந்தக்காரர் என்றாலும் இதே நியாயந்தான்.

ஆட்களை ஏற்றும்போது

ஓகஸ்ட் விடுமுறையில் வெளிநாட்டு உறவினர் வருவார்கள். பிள்ளைகள் படகில் போக ஆசைப்படுவார்கள். பார்த்தவர்கள் “எங்களையும் ஏற்றுங்கள், காசு தருகிறோம்” என்பார்கள். இங்கேதான் எல்லை இருக்கிறது. மீன்பிடிப் படகுக்கு எடுத்த பதிவு, கூலிக்கு ஆட்களை ஏற்றுவதற்கான அனுமதி ஆகாது. காசு வாங்கினால் அது வேறு தொழில். அதற்கு வேறு அனுமதியும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். பிரதேச செயலகத்தில் விசாரிக்காமல் இதில் இறங்க வேண்டாம்.

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் நடந்ததை நாம் மறக்க முடியாது. பாலம் கட்டும் வேலை நடந்ததால் மக்கள் நீரைக் கடக்கப் பயன்படுத்திய மிதவை கவிழ்ந்தது. பள்ளிக்குப் போன பிள்ளைகளும் இறந்தார்கள். அனுமதி யார் கொடுத்தது, பாதுகாப்பை யார் பார்த்தது என்ற கேள்விகள் உயிர்கள் போன பிறகுதான் உரத்துக் கேட்கப்பட்டன. அது கரையிலிருந்து கரைக்குப் போகும் சிறு தூரம். தூரம் குறைவென்பதால் ஆபத்தும் குறைவென்று எண்ணக்கூடாது.

பத்திரம் மிதக்காது

பதிவு உங்கள் உரிமையைக் காக்கும். உயிரைக் காப்பதற்கு வேறு ஆயத்தம் வேண்டும். எப்போதாவது படகு இறக்கும் வீட்டில், அம்மாவோ அக்காவோ கரையில் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? படகின் அடியில் கிடந்தால் பயனில்லை. உடம்பில் இருக்க வேண்டும். சிறு பிள்ளைக்குப் பெரியவரின் அங்கி சரிவராது. தலைவழியாகக் கழன்றுவிடும்.

ஓட்டுபவர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சுருள் கயிறு அவருடைய கையிலோ இடுப்பிலோ மாட்டியிருக்கிறதா? ஓட்டுபவர் விழுந்து படகு மட்டும் ஓடினால், விழுந்தவரையே அது திரும்பி வந்து வெட்டக்கூடும்.

எரிபொருளில் போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு இருக்கிறதா? மாதக்கணக்கில் தாங்கியில் கிடந்த எண்ணெயை நம்ப வேண்டாம். தண்ணீர் கலந்திருக்கலாம்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்டார்களா? சோளகத்திலும் வாடையிலும் கடல் ஒரே மாதிரி இருப்பதில்லை. களப்பென்றாலும் காற்று மாறினால் சிறு படகு கவிழும்.

எங்கே போகிறார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கரையில் ஒருவருக்குத் தெரியுமா? சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் இருட்டும்வரை காத்திருக்காமல் சங்கத்துக்கும் பொலிஸாரின் 119 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மகனோ தம்பியோ இயந்திர வேலையில் ஆர்வமுள்ளவராக இருந்தால், சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையங்களில் நடக்கும் பயிற்சிகளை விசாரிக்கச் சொல்லுங்கள். மகளையும் சேர்த்துக் கேளுங்கள். நடுக்கடலில் நின்றுபோன இயந்திரத்தைத் திருத்தத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது பெரிய பலம். அதுவே ஒரு தொழிலாகவும் ஆகலாம்.

எப்போது வேண்டாம்?

எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. படகு வெடித்து, இனித் திருத்த முடியாத நிலையில் இருந்தால், அதற்காகப் புதிதாகச் செலவழிக்க வேண்டாம். பழைய பதிவு இருந்தால் கடற்றொழில் பரிசோதகரிடம் சொல்லி அதை நீக்கிவிடுங்கள். உங்கள் இலக்கத்தை இன்னொருவர் தன் படகில் எழுதி ஓட இடம் வைக்காதீர்கள். இயந்திரம் நல்ல நிலையில் இருந்தால், அது மேலும் துருப்பிடிக்குமுன் பற்றுச்சீட்டோடு விற்று, அந்தப் பணத்தைக் கோழிக்கோ கடைக்கோ போடுவது புத்தி. வருடத்தில் இரண்டு தரம் மட்டும் கடலுக்குப் போக ஆசைப்படும் குடும்பம், தன் படகை வைத்திருப்பதைவிட, பதிவும் அங்கியும் உள்ள அனுபவசாலி ஒருவரின் படகில் போவதே மலிவு.

படகு ஓடும் நிலையில் இருந்து, வருடத்தில் சில நாளாவது மீனுக்கு இறங்குமானால், பதிவு எடுப்பதே நல்லது. அலைச்சல் சில நாளோடு முடியும். அது இல்லாவிட்டால் வரும் இழப்போ ஒரு படகின் முழுப் பெறுமதி.

செய்ய வேண்டியவை

1. தேசிய அடையாள அட்டை, படகும் இயந்திரமும் வாங்கிய பற்றுச்சீட்டு, பழைய பதிவு இருந்தால் அதுவும் எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். இயந்திர இலக்கத்தைத் தனியாக எழுதி வையுங்கள்.

2. இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை எடுங்கள். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடியுங்கள். பழைய படகு இலக்கம் நினைவிருந்தால் மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தின் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள்.

3. கணவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றோடு, வளர்ந்த பிள்ளைகளின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அவர்களுக்கும் உரிமை உண்டு என்பதால் பின்னாளில் சண்டை வராது.

4. உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரைச் சந்தியுங்கள். கட்டணம் எவ்வளவு, எந்த அனுமதியை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கும் காசுக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள்.

5. தனியாகப் போகத் தயக்கமென்றால் இதே நிலையிலுள்ள நாலைந்து பேர் சேர்ந்து, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ மாதர் சங்கத்திலோ பேசி, பரிசோதகரை ஒருநாள் கிராமத்துக்கு வரச் சொல்லிக் கேளுங்கள். படகையும் அவர் பார்க்கத்தான் வேண்டும். எல்லாருக்கும் ஒரே நாளில் வேலை முடியும்.

கோப்பைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றி, வீட்டில் உயரமான இடத்தில் வையுங்கள். ஒரு பிரதியை இன்னொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். ஒரு பையோடு ஓடிப் பழகிய நமக்கு இதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.