குறை தெரிந்த செட்டே மலைக்கு ஏற்றது

ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காகப் பேசும் அமெச்சூர் வானொலி, வைத்திருக்கும் இருவர் சந்தித்தால், மூன்றாவது நிமிடத்தில் பேச்சு செட்டின் குறைக்கு வந்துவிடும். மைக் பட்டனை விட்டதும் ஸ்பீக்கர் ‘டப்’ என்று அடிக்கிறது. தொலைவில் இருப்பவரைக் கேட்கச் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கும்போது பக்கத்து ஊர்க்காரர் குறுக்கே வந்தால் காது கிழிகிறது. செட் சூடாகச் சூடாக அலைவரிசை நகர்ந்துகொண்டே போகிறது. வெளியாள் காதுக்கு இதெல்லாம் புலம்பலாகத் தோன்றலாம். ஆனால் ஒரு ஹாம் மின்னணுவியலைக் கற்பது பெரும்பாலும் இந்தப் பேச்சில்தான்.

இந்தியச் செட்டுகளில் இப்படி அதிகம் அலசப்பட்டது, ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ். அவருடைய அழைப்புக்குறி வியூ2இஎஸ்இ. காயில் சுற்றுவதற்கான ஃபெரைட் வளையங்கள் நம் ஊரில் எளிதில் கிடைக்காது என்பதால், ஹார்டுவேர் கடையில் விற்கும் தண்ணீர்க் குழாய் வாஷரிலேயே சுற்றிக்கொள்ளலாம் என்று காட்டியவர் அவர். பேச்சை வாங்கும் சுற்றும் அனுப்பும் சுற்றும் பெரும்பகுதி ஒன்றே. ஒரே பாதையில் அலை இரு திசையிலும் போய் வரும், அதனால் உருப்படிகள் குறைவு. ஆன்டெனாவுக்குச் சக்தி கொடுக்கும் ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கென்று செய்யப்பட்டதே அல்ல. எரிந்துபோனால் சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் தேடி வாங்கி மாற்றிவிடலாம். 2016-இல் 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டுக்கான பிட்எக்ஸ்40 சர்க்யூட் போர்டாகவே விற்பனைக்கு வந்தது. அதன் பின்னர் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை பேசக்கூடிய மைக்ரோ பிட்எக்ஸ் வந்தது. அதன் சக்தி கீழ்ப் பேண்டுகளில் சுமார் 10 வாட். மேலே போகப் போக அதுவும் குறையும்.

மைக்ரோ பிட்எக்ஸ் உலகெங்கும் போனதும் ஒரு பெரிய குறை வெளிப்பட்டது. வாங்கியவர்கள் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் வைத்து அளந்தபோது, தேவையற்ற அலைகளும் கூடவே வெளியேறுவது தெரிந்தது. அலையை வடிகட்டும் ஃபில்டருக்குள் நுழையும் பாதையும் வெளியேறும் பாதையும் ரிலேக்களில் மிக அருகருகே ஓடின. அதனால் ஹார்மோனிக்குகள், அதாவது பேசும் அலைவரிசையின் மடங்குகளில் எழும் அலைகள், ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு தப்பித்தன. இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. 28 மெகாஹெர்ட்ஸில் பேசினால் 17 மெகாஹெர்ட்ஸிலும் நிழல் போல ஓர் அலை எழுந்தது. செட்டுக்குள் இருக்கும் 45 மெகாஹெர்ட்ஸ் இடைநிலை அலையின் இரட்டிப்பான 90, உள் ஆசிலேட்டரின் 73-ஓடு கலக்கும்போது மிஞ்சுவது 17. அடுத்தவர் அலைவரிசையில் குறுக்கிடுவது ஹாம்களுக்குச் சட்டப்படி குற்றம், ஆகவே இது சின்ன விஷயமல்ல. வடிவமைத்தவர் குறையை மறைக்கவில்லை. சர்க்யூட் வரைபடம் எல்லோர் கையிலும் இருந்தது. அளந்தவர்கள் மாற்று யோசனை சொன்னார்கள், சிலர் தங்கள் போர்டிலேயே டிராக்கை வெட்டி ஒட்டினார்கள். ஐந்தாம் பதிப்பில் ரிலே அமைப்பே மாறியது.

தொடக்கப் பதிப்புகளில் சத்தத்தைத் தானாகச் சீராக்கும் ஏஜிசி கிடையாது. காது கிழிவது அதனால்தான். அது ஏன் இல்லை, எப்படிச் சேர்ப்பது என்று அலசியே எத்தனையோ பேர் ரிசீவரின் உள்வேலையைப் புரிந்துகொண்டார்கள்.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கமுள்ள ஜவ்வாது மலைக்கு, குறை தெரிந்து கையாலேயே சரிசெய்துகொள்ளக்கூடிய இப்படிப்பட்ட செட்தான் வேண்டும். அங்கே கைபேசிக் கோபுரத்தின் அலை எட்டாத மடிப்புகளும் பள்ளத்தாக்குகளும் உண்டு. 145 மெகாஹெர்ட்ஸில் பேசும் கையடக்க வாக்கி டாக்கி, நடுவில் ஒரு முகடு வந்தாலே ஊமையாகிவிடும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அந்தத் தடை இல்லை. சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு மரங்களுக்கிடையே நாலைந்து மீட்டர் உயரத்தில் கட்டினால் போதும். அலை ஏறக்குறைய நேராக வானத்துக்குப் போய், அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்தாற்போல் சுற்றுவட்டாரம் முழுக்க இறங்கும். முகடு எதையும் மறைக்காது. பகலில் மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் சென்னைக்கும் பேச 10 வாட்டே போதும். கோடை இடிமழையின் கரகரப்பையும், இரவில் கீழ்ப் பேண்டுக்கு மாற வேண்டியிருப்பதையும் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தொழிற்சாலைச் செட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 2016-இல் வந்த ஐகாம் ஐசி-7300 ஆன்டெனாவில் வரும் அலையை நேரடியாக எண்களாக மாற்றி, பேண்டு முழுவதையும் திரையில் காட்டும். கூட்டத்துக்குள் ஒரு மெல்லிய குரலைப் பிரித்தெடுப்பதில் பிட்எக்ஸ் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் முழு 100 வாட்டில் அது 21 ஆம்பியர் வரை இழுக்கும். மின்சாரம் போன மழைநாளில், ஒரு சோலார் தகடும் பைக் பேட்டரியும் மட்டும் இருக்கும் கிராமத்தில் அந்தப் பசிக்குத் தீனி போடுவது கடினம். பழுதானால் மலையில் திறந்து பார்க்க ஆளும் இல்லை.

சொந்தக் கையால் கருவி செய்வது இந்த மலைக்குப் புதிதல்ல. இங்குள்ள காவலூர் வானாய்வகத்தில் 1986-இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்தது. கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில். காவலூரின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு ரேடியோவைச் சாலிடர் செய்யத் தகுதியற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

மலைக்கு இப்படியொரு தொடர்பு எவ்வளவு தேவை என்பதற்கு அண்மையிலேயே சாட்சி இருக்கிறது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஒரே வீட்டிலிருந்த 7 பேர் புதைந்தனர். மாவட்டத் தலைநகரிலேயே நிலைமை அப்படியென்றால், சாலை அறுந்த மலைக்கிராமம் யாரிடம் சொல்லும்? 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு, அந்தமான் நிகோபார் தீவுகளின் செய்தியை வெளியுலகுக்குக் கொண்டுசேர்த்தது. வேறொரு நோக்கத்துக்காகச் சில வாரங்களுக்கு முன்பே அவர்கள் அங்கே போயிருந்தார்கள். அது தற்செயல். அடுத்த முறையும் தற்செயலை நம்பி இருக்கக் கூடாது.

ஆகவே பேரிடர் நிதியில் விலையுயர்ந்த செட்டு ஒன்று வாங்கி வட்டாட்சியர் அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கும் யோசனை எழுந்தால், அந்தப் பணத்தில் பல மைக்ரோ பிட்எக்ஸ் வாங்குங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு அவற்றைக் கொடுக்கலாம். ஹாம் தேர்வை 12 வயதிலேயே எழுதலாம். ரெஸ்டிரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கட்டாயமில்லை. தேர்ச்சி பெறும் வரை, உரிமம் பெற்ற ஹாம் ஒருவர் பக்கத்தில் இருந்து நடத்தும் கிளப் நிலையமாகத் தொடங்கலாம். வேலூர், திருவண்ணாமலைக் கல்லூரிகளின் மின்னணுவியல் துறைகள் மாதம் ஒரு சனிக்கிழமை மலையேறினால் போதும். முதல் சனிக்கிழமை கம்பி அளந்து மரத்தில் கட்டுவதிலேயே போய்விடும். இரண்டாவது முறை, அந்த ‘டப்’ சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.